கூடம் கட்டும் முன் நிலத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊர்ப் பொது நிலத்தில் சமுதாய நலக்கூடம், கலையரங்கம், நூலகம் ஆகியவற்றை அமைப்பது பற்றி நெல்லை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு, நில அளவையிலும் பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள சிறு குளம் பல ஆண்டுகளாகத் தூர்ந்து, உடைமரம் மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் வருவதே இல்லை. அதில் ஒரு ஏக்கரைச் சமப்படுத்தி, சமுதாய நலக்கூடமும் விளையாட்டுத் திடலும் அமைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறோம். சிலர் சட்டச் சிக்கல் வரும் என்கிறார்கள். ஊர்க் காரியத்துக்கு ஊர் நிலத்தை எடுப்பதில் என்ன தவறு?
— ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர், நாங்குநேரி வட்டம்

பதில்: கூடமும் திடலும் உங்கள் ஊருக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு உரிய இடம் அந்தக் குளம் அன்று. வருவாய்க் கணக்கில் 'குளம் புறம்போக்கு' என்று பதிவாகியுள்ள நிலம், தண்ணீர் நின்றாலும் நிற்காவிட்டாலும் குளமே. வறண்டுபோய்விட்டது, மேடாகிவிட்டது என்ற காரணத்தைக் காட்டிக் குளத்து நிலத்தை வேறு பயனுக்கு ஒதுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், ஹிஞ்ச்லால் திவாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் பள்ளிக்கூடம், மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடுகளுக்கு விலக்கு உண்டே என்று உங்கள் கூட்டத்தில் யாரேனும் சொல்லக்கூடும். அந்த விலக்கு ஏற்கெனவே கட்டி நடந்து வருகிற நிலையங்களைப் பற்றியது. இனிமேல் புதிதாகக் கட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. நம் மாநிலத்திலும் ஏரி, குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

சட்டத்தை விடவும் நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. உங்கள் குளத்துக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஊரில் யாராவது நடந்துபோய்ப் பார்த்தார்களா? நாங்குநேரி, ராதாபுரம் பகுதிக் குளங்கள் ஒன்றுக்கொன்று கோத்த மாலைபோல் இருப்பவை. மேல்குளம் நிறைந்து மறுகால் விழுந்தால்தான் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரத்தாகும். காட்டோடையில் வரும் மழைநீரையும், சில ஊர்களில் மணிமுத்தாற்றுப் பிரதானக் கால்வாயின் மூன்றாம், நான்காம் ரீச்சுகளில் (பகுதிகளில்) வரும் தண்ணீரையும் நம்பிய இந்தக் குளங்களில், வரத்துக்கால் ஓர் இடத்தில் அடைபட்டால் கீழே உள்ள அத்தனையும் காய்ந்துவிடும். மழை குறைந்ததால் மட்டுமே செத்த குளத்தை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். வரத்துக்காலில் யாரோ வேலி போட்டதால் செத்த குளங்களைப் பல ஊர்களில் அளந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை உங்கள் ஊரும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரவில், காய்ந்து கிடந்த எத்தனையோ குளங்கள் விடிவதற்குள் நிறைந்தன. பல கரைகள் உடைந்தன. குளத்துக்குள் நீங்கள் கூடம் கட்டியிருந்தால், மற்ற கட்டடங்களைத் தேடி மக்கள் ஓடி வந்த அதே இரவில் உங்கள் கூடத்தைவிட்டு மக்கள் ஓட வேண்டியிருந்திருக்கும். வெள்ளக் காலத்தில் தங்குமிடமாகப் பயன்படாத சமுதாயக் கூடத்தை இந்த மாவட்டத்தில் கட்டவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

என் பணிக்காலத்தில், ஓர் ஊரில் ஓடைப் புறம்போக்கின் ஓரத்தில் கூடம் கட்டுவதற்காக அளந்து கல் நட்டுக் கொடுத்தேன். ஓடையில் அப்போது மணல்தான் இருந்தது, ஊரார் எல்லாரும் ஒரே குரலாகக் கேட்டார்கள், நானும் மறுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளம் அதன் சுற்றுச்சுவரையும் சமையலறையையும் கொண்டுபோனதோடு, கட்டடத்தில் முட்டித் திரும்பிய நீர் பக்கத்துத் தெருவுக்குள் புகுந்தது. அந்தத் தெருக்காரர்களின் முகங்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குளத்தைத் தூர்வார ஊராட்சி வழியாக ஏற்பாடு செய்யுங்கள். வரத்துக்காலை அளந்து தரும்படி வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். கூடத்துக்கு மேட்டு நிலம் தேடுங்கள். தேடும் வழி அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் எந்த நிலம் யாருடையது என்றே தெளிவில்லை. கூடம் கட்ட ஏற்ற அரசு நிலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரிடம் கேட்பது? எவ்வளவு இடம் வேண்டும்?
— வாசகர் ஒருவர், சேரன்மகாதேவி வட்டம்

பதில்: முதலில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பது. புல எண் வாரியாக இணையத்திலும் கிடைக்கும். நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். வகைப்பாடும் குறிப்புக் கலமும் இருக்கும். பிறகு அந்த எண்ணின் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிலத்துக்கே போங்கள். ஒரு தடவை போதாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்கள். அங்கே மாடு மேய்கிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா, யார் நெல் காயப்போடுகிறார்கள், கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் எங்கே போடுகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவற்றையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். புறம்போக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் யாருக்கும் பயன்படாத நிலம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. தீர்வை, அதாவது நிலவரி, விதிக்கப்படாத நிலம் என்பதே அதன் பொருள். பயன்படாத நிலம் என்பது பொருளன்று.

வகைகளைப் பொறுத்தவரை, கிராம நத்தத்தில் ஊர்ப் பொதுவுக்கென்று விடப்பட்ட காலியிடமும், தீர்வை விதிக்கப்படாத அரசுத் தரிசும் கூடத்துக்கு ஏற்றவை. நீர்நிலை, வாய்க்கால், ஓடை, பாதை, மயானம் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டாம். அவை ஆட்சேபணையுள்ள புறம்போக்குகள். மேய்க்கால் நிலத்தைக் கேட்டால், அதற்கு ஈடாக ஆடுமாடுகளுக்கு வேறு எந்த நிலம் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கோயில் நிலம் புறம்போக்கு ஆகாது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி அதை விற்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு விடவோ ஆணையரின் ஒப்புதல் வேண்டும். கோயில் முன் உள்ள வெற்றிடத்தை ஊர் நிலம் என்று எண்ணித் திட்டம் போட்டு, பாதி வழியில் நின்றுபோன ஊர்கள் உண்டு.

களம் புறம்போக்கைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்ல வேண்டும். உங்கள் வட்டம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம் உள்ள பகுதி. அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்துக்கு வேலையில்லை என்று சொல்லி அதைத்தான் எல்லாரும் முதலில் கைகாட்டுகிறார்கள். ஆனால் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களிலும் அறுத்த ஈர நெல்லைக் காயப்போட இடமில்லாமல் சாலையில் பரப்பிவைத்து, இரவெல்லாம் லாரி வெளிச்சத்தில் காவல் இருக்கும் விவசாயிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே களத்தைக் களமாக விட்டுவிட்டு அதன் ஓரத்தில் கூடம் அமைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் நெல் காய்வதற்கும், மற்ற மாதங்களில் பந்தி நடக்கவும் விளையாடவும் அதே சிமெண்டுத் தளம் உதவும்.

பரப்பைச் சென்ட் கணக்கில் சொல்கிறேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி. 200 பேர் அமரும் கூடத்துக்கு 2,400 சதுர அடி வைத்துக்கொண்டால், பந்தி, சமையல், கழிப்பறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ அதே அளவு வேண்டும். மிச்சம் வண்டிகளுக்கும் மரங்களுக்கும் மழைநீர் இறங்குவதற்கும் சரியாக இருக்கும். பக்கத்தில் கைப்பந்துத் திடலும் வேண்டுமென்றால், 18 மீட்டருக்கு 9 மீட்டர் ஆடுகளத்தோடு சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டு, இன்னும் 9 சென்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அது அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

நிலம் தெரிந்தபின், கிராமசபையில் புல எண்ணையும் பரப்பையும் நோக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தீர்மானத்தோடு விண்ணப்பம் வட்டாட்சியருக்குப் போகும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் நிலத்தைப் பார்த்து அறிக்கை தருவார்கள். ஊரில் அறிவிப்பு ஒட்டி ஆட்சேபணை கேட்பார்கள். கோப்பு கோட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும். நில மதிப்பைப் பொறுத்து அதற்கு மேலும் செல்லக்கூடும். கிராமசபைத் தீர்மானம் மட்டுமே கையில் இருக்கும்போது கடைக்கால் தோண்டாதீர்கள். ஆணை வரும் வரை நீங்களும் அந்த நிலத்தில் ஆக்கிரமிப்பாளர்தான். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் பி மெமோ என்னும் ஆக்கிரமிப்புக் குறிப்பு உங்கள் ஊராட்சியின் பேரிலேயே எழுதப்படலாம். ஆணை வந்த பிறகும், எந்த நோக்கத்துக்காக நிலம் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அதை மீறிக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊர் முக்குச் சாலையில் ஒரு தலைவருக்குச் சிலை வைக்க இளைஞர்கள் நிதி சேர்த்திருக்கிறோம். ஊராட்சி அனுமதி போதுமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: போதாது. பொதுச் சாலை, நடைபாதை, ஓரப்பகுதி ஆகியவற்றில் சிலை வைப்பதற்கோ கட்டுமானம் எழுப்புவதற்கோ மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பொது இடங்களில் புதிய வழிபாட்டிடங்களை எழுப்பவும் 2009-இலேயே அந்த நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. சேர்த்த நிதியில் அந்தத் தலைவரின் பெயரால் ஒரு படிப்பகம் நடத்த முடியுமா என்று யோசியுங்கள்.

கேள்வி: நான் வில்லிசைக் குழுவில் உடுக்கு வாசிப்பவன். ஊர்தோறும் 'கலையரங்கம்' என்று பெயர் எழுதிய கான்கிரீட் மேடைகள் நிற்கின்றன. ஆனால் கொடை நடக்கும்போது நாங்கள் பந்தலுக்குக் கீழேதான் வில்லைச் சாத்துகிறோம். அந்த மேடையில் பாட யாரும் எங்களை அழைப்பதில்லை; அழைத்தாலும் பாட முடியாது. எங்கள் கலைக்கு ஏற்ற இடம் எப்படி இருக்க வேண்டும்?
— வில்லிசைக் கலைஞர் ஒருவர், திசையன்விளை பகுதி

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பொதுப் பணத்தில் கட்டடம் எழுப்புகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய கடிதம் இது.

நீங்கள் குறிப்பிடும் கலையரங்கம் எப்படி இருக்கும் என்பது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நாலடி உயரத்தில் ஒரு தளம், மூன்று பக்கம் சுவர், மேலே கூரை, முகப்பில் யார் நிதியில் கட்டியது என்ற எழுத்து. சொற்பொழிவுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் ஏற்ற வடிவம் அது. அதைக் குறை சொல்வதற்கில்லை; ஆனால் அந்த ஒரே வடிவத்தை எல்லா ஊருக்கும் நகலெடுத்ததுதான் குறை. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலை எடுத்து வில்லின் நாணில் அடித்துக் கதை தொடங்கும்போது, குடமும் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்து ஒலிக்க, கேட்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடும்போது கூட்டத்திலிருக்கும் ஆச்சியும் தலையாட்ட வேண்டும். நாலடி உயரம் அந்த உறவை அறுத்துவிடுகிறது.

கணியான் கூத்துக்கு இன்னும் வேறு வகை இடம் வேண்டும். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடமிட்டவர்கள் ஆட, உச்சமும் மந்தமுமாக மகுடம் என்னும் இரண்டு தோல் கருவிகள் முழங்க, விடிய விடிய நடக்கும் கலை அது. ஆடுபவர்கள் முன்னும் பின்னும் நகர்வதற்குத் தளம் நீளமாக இருக்க வேண்டும். தோல் கருவிகளைத் தீ மூட்டிக் காய்ச்சிச் சுதி ஏற்றுகிறவர்களுக்குக் காற்று மறைவுள்ள மண் தரை ஒன்று பக்கத்தில் வேண்டும். இதை எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. கேட்டால் எந்தக் கலைஞரும் சொல்லிவிடுவார். கேட்பதில்லை என்பதுதான் நம் திட்டமிடலின் பெருங்குறை.

ஆகவே உங்களுக்கு ஏற்ற இடம் என் மனக்கண்ணில் இப்படித் தெரிகிறது: ஒன்றரை அடி உயரம் மட்டுமே உள்ள, மூன்று பக்கம் திறந்த, அகன்ற திண்ணை போன்ற தளம், அதற்கு முன்னே மெல்லச் சரிந்து உயரும் மண் தரை, அதில் பாய் விரித்து உட்காரும்படி, வெயில் காலத்துக்கு ஓரங்களில் புங்கையும் வேம்பும், பந்தல் கால் ஊன்றக் கூடிய குழிகள் நிரந்தரமாக, மூடியோடு, ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் முறையான மின்னிணைப்பு. கலைஞர்களுக்குப் பூட்டும் வசதியுள்ள இரண்டு அறைகள் வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பறையும் குளியலறையும் வேண்டும். இரவெல்லாம் பாடிவிட்டுக் காலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் குழுவினர், அதில் பெண் கலைஞர்களும் இருக்கையில், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று விழா நடத்தும் ஊரார் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடையில் நடக்கும் வில்லுப்பாட்டு, சாமி முன்னால் நடக்க வேண்டியது. அதைக் கோயிலை விட்டுப் பெயர்த்துப் பொது மேடைக்குக் கொண்டுவர யாரும் முயல வேண்டாம். அது முடியவும் முடியாது. பொது இடத்துக்கு உரியவை வேறு: பிள்ளைகளுக்கு வில்லும் மகுடமும் சிலம்பமும் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்புகள், கொடை இல்லாத மாதங்களில் நடக்கும் கதைப்பாட்டு நிகழ்ச்சிகள், கோயில் பந்தலில் உட்காரத் தயங்குகிற பிற சமயத்தாரும் பிற தெருக்காரரும் வந்து கேட்கும் இரவுகள். கூத்துக் கலைஞர்களின் ஆயுள் கொடை மாதங்களில் மட்டும் கழிவதில்லை; பயிற்சி நடக்கும் இடம் இருந்தால்தான் அடுத்த தலைமுறை வரும்.

உங்கள் சட்டமன்றத் தொகுதி நிதியில் அடுத்த கலையரங்கம் அறிவிக்கப்படும்போது, மதிப்பீடு தயாராகும் முன்பே ஒன்றியப் பொறியாளரைக் குழுவோடு போய்ப் பாருங்கள். வில்லையும் கையோடு கொண்டுபோங்கள். அதை விரித்து வைத்து அளந்து காட்டுவது, மனு எழுதுவதைக் காட்டிலும் பயன் தரும்.

கேள்வி: பாளையங்கோட்டைப் பகுதியில் எங்கள் குடியிருப்பு மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் முள்ளடர்ந்து கிடக்கிறது. அதில் பாதியில் சங்கக் கட்டடமும் திருமணக் கூடமும் கட்ட வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். சரியா?
— குடியிருப்போர் ஒருவர்

பதில்: சரியன்று. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்தால்தான் ஒப்புதல் கிடைக்கும். அந்த இடத்தை நம்பித்தான் நீங்கள் எல்லாரும் மனை வாங்கினீர்கள். மனையின் விலையில் அதன் விலையும் சேர்ந்தே இருந்தது. அதைச் சங்கமோ மாநகராட்சியோ விரும்பியபடி மாற்ற முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. மருத்துவமனை நல்ல காரியம் இல்லையா என்ற வாதம் அங்கும் வைக்கப்பட்டது, எடுபடவில்லை.

முள்ளை அகற்றி வேலி போட்டு, நடைபாதையும் மரமும் பிள்ளைகள் விளையாடும் மண்ணும் அமைக்கும்படி மாநகராட்சியிடம் கேளுங்கள். கூரையில்லாத சிறு திண்ணை ஒன்றும் மர நிழலில் சில கல் பலகைகளும் இருந்தால், உங்கள் சங்கக் கூட்டத்தை அங்கேயே நடத்தலாம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகம் பூட்டியே கிடக்கிறது. புதிதாக ஒன்று கட்டக் கேட்கலாமா?
— கல்லூரி மாணவி, முக்கூடல் பகுதி

பதில்: கட்டடம் இருக்கிறதே, மகளே, உங்கள் ஊருக்குத் தேவை திறந்து உட்காருகிற ஆள். 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடமும் விளையாட்டுத் திடலும் எழுந்தன. எண்ணம் பெரியது. ஆனால் பல ஊர்களில், யார் திறப்பார், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்பது கட்டடம் எழுந்த வேகத்தில் முடிவாகவில்லை. கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும், நடத்துவதற்கு மாதாமாதம் பணம் வேண்டும் என்ற எளிய கணக்கை எந்தத் திட்டத்தின் முதல் பக்கத்திலும் எழுத வேண்டும் என்று பணியில் இருந்தபோது சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நம் மாநிலத்தின் பொது நூலகச் சட்டம் 1948-இலேயே வந்தது. விடுதலைக்குப் பிறகு நாட்டில் அதுவே முதலாவது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக உங்கள் வீட்டிலும் வசூலாகிறது. ஆகவே உரிமையோடு கேளுங்கள். கட்டடத்தை நூலகத்துறைக்கு ஒப்படைத்து ஊர்ப்புற நூலகமாகவோ பகுதிநேர நூலகமாகவோ நடத்த இயலுமா என்று, கிராமசபைத் தீர்மானத்துடன் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். முடிவு வரும் வரை மாலை இரண்டு மணி நேரம் திறந்து வைக்க மாணவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். சாவி யாரிடம் என்பதை ஊராட்சி எழுத்தில் தரட்டும். கூரை பழுதுக்கு 'நமக்கு நாமே' திட்டம் உதவும். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்ட வேண்டும். எட்டையபுரத்தில் 1947-இல் திறந்த பாரதி மணிமண்டபம் பொதுமக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. சுலோசன முதலியார் 1843-இல் தாமிரபரணிக்குத் தம் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தின் மேல் நாம் இன்றும் நடக்கிறோம். பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கேட்கிற முறையில் கேட்டு, கணக்கைப் பலகையில் எழுதி வைத்தால் கொடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சமுதாய நலக்கூடம் அரசுப் பணத்தில் கட்டியது. ஆனால் ஒரு தெருவுக்குள் இருக்கிறது. நாங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கோ வீட்டு விசேஷத்துக்கோ கேட்டால், தேதி இல்லை என்றே சொல்கிறார்கள். சாவி ஒரு பெரியவர் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?
— மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்

பதில்: அம்மா, தேதி இல்லை என்பது காரணமில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடத்துக்குள் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தடுக்கப்படுகிறவர்கள் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். ஆனால் வழக்குக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அவையே வழக்குக்கும் சான்றாகும்.

இனி எப்போது கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூடத்தின் பதிவுப் புத்தகம், வாடகை வசூல் பற்றிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில் யாருக்குக் கொடுத்தார்கள், நீங்கள் கேட்ட தேதியில் கூடம் உண்மையில் காலியாக இருந்ததா என்பது தெரிந்துவிடும். சாவி தனி மனிதர் வீட்டில் இருக்கக் கூடாது, வாடகைக் கட்டணமும் முன்பதிவு வரிசையும் கூடத்தின் வாசலில் எழுதப்பட வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

புதிதாகக் கூடம் திட்டமிடும் ஊர்களுக்கும் இந்தக் கடிதத்தையே காட்டிச் சொல்கிறேன்: எந்தத் தெருவின் நடுவிலும் வேண்டாம். பள்ளி, பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை என்று எல்லாத் தெருக்காரரும் தினமும் வந்துபோகிற இடத்தின் அருகே, பொதுச் சாலையைப் பார்த்த வாசலோடு கட்டுங்கள். அடுத்தவர் வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும் என்றால், அந்தக் கூடத்துக்கு ஊரில் பாதிப் பேர் வரமாட்டார்கள். படி மட்டும் வைக்காமல், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளமும் வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரும், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாயும், பந்தி அண்டாவை உருட்டி வருபவரும் அதில்தான் ஏறுவார்கள்.

உங்கள் குழுவுக்கு அடுத்த கிராமசபை வரை காலம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் குழுவிலும் மற்றத் தெருக் குழுக்களிலும் உள்ள பெண்கள் எல்லாரும் அன்று முன்வரிசையில் உட்காருங்கள். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்திட்டுவிட்டு வாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் மீண்டும் எனக்கு எழுதுங்கள்; மாவட்ட ஆட்சியருக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன்.